சிப்பி சொன்ன பாடம்

பிள்ளையார்குப்பத்துப் பிள்ளைகளோடு அரிக்கமேடு சென்றிருந்தோம். அரியாங்குப்பத்து ஆறு கடலைச் சேருமுன், உவர்ச் சேற்றிலே கண்டல் மரங்கள் நிற்குமிடம். சிப்பி ஓடொன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த சிறுவன், "ரோமாபுரியார் வருமுன் இங்கே யாருமே இல்லையா, ஐயா?" என்றான். நமக்கு வெட்கமாகிவிட்டது. 1945-ல் வீலர் துரை தோண்டியெடுத்த மதுச் சாடிகளையும் இத்தாலிய மட்கலங்களையும் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கித்தவர் நாமேயல்லவா!

1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லி அம்மையார், அவ்வாணிகத்துக்கு முன்னரே உள்ளூர் மக்கள் குடியிருந்ததை எடுத்துக்காட்டினார். ஏற்றவற்றம் அறிந்த அவர்கள் வழிகாட்டாமல் யவனர் மரக்கலம் இந்தக் கழிமுகத்தில் நுழைந்திருக்குமா?

இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்தான். "எங்கள் ஆயா இதைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு செய்யும், ஐயா!" சுட்டதன்மேல் நீர் தெளித்தால், பொரிந்து மாவாகிவிடுமாம்.