நக்கவாரக் கடலும் முப்பதாண்டுத் திட்டமும்: சில குறிப்புகள்

*

நக்கவாரம் என்ற நிகோபார் தீவுகளில், கிரேட் நிகோபாரின் தென்கோடி இந்திரா முனை. அங்கிருந்து சுமத்ரா ஏறக்குறைய 150 கி.மீ. நடுவில் ஆறு டிகிரி கால்வாய். மலாக்கா நீரிணைக்குப் போகிற, வருகிற பெருங்கப்பல்களின் பாதை இது. அதே தீவின் கேம்பல் பேயில் 2012 முதல் ஐஎன்எஸ் பாஸ் கடற்படை விமானதளம். நீருக்கு மேலே போவதைக் கண்காணிக்க ரேடாரும் விமானமும் இருக்கின்றன. நீருக்கடியில் போவதை நாள்கணக்கில் தொடர, நீருக்கடியிலேயே ஒன்று வேண்டும்.

*

தூரக் கணக்கு. இந்திய நீர்மூழ்கிகளின் தாய்த்தளங்கள் மும்பையில் வஜ்ரபாகு, விசாகப்பட்டினத்தில் வீரபாகு. விசாகப்பட்டினத்திலிருந்து கேம்பல் பே சுமார் 1,650 கி.மீ. டீசல்-மின்சார நீர்மூழ்கி ஓசைப்படாமல் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் நாலரை நாள். போக வர ஒன்பது. மும்பையிலிருந்து கிளம்பினால் இலங்கையையும் சுற்றியாக வேண்டும்.

கடற்படைகளின் பழைய கணக்கு இன்னொன்று: ஒன்று காவலில் நிற்க மூன்று வேண்டும். ஒன்று காவலில், ஒன்று பயிற்சியிலோ பயணத்திலோ, ஒன்று பழுதுபார்ப்பில். பட்டியலில் உள்ள எண்ணிக்கையை மூன்றால் வகுத்துத்தான் படிக்க வேண்டும்.

*

1999. கார்கில் போர் நடந்த ஆண்டு. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முப்பதாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது: 2030-க்குள் 24 நீர்மூழ்கிகள். கையில் வந்து சேர்ந்தவை ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகள் ஆறு. ஒப்பந்தம் 2005 அக்டோபரில். முதல் படகான கல்வரி 2012-இல் வரும் என்றார்கள். 2017 டிசம்பரில் வந்தது. ஆறாவதான வாக்‌ஷீர் படையில் சேர்ந்தது 2025 ஜனவரியில். அடுத்த ஆறுக்கான, ‘75(ஐ)’ எனப்படும் திட்டத்துக்கு 2021 ஜூலையில் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். மும்பைக் கப்பல் பட்டறையான மசகான் டாக்கும் ஜெர்மனியின் டிகேஎம்எஸ் நிறுவனமும் சேர்ந்த கூட்டணியோடு விலைப்பேச்சு தொடங்கவே 2025 ஆகிவிட்டது.

*

இதற்கிடையில் பழையவை. ரஷ்யாவின் கிலோ வகைப் படகுகள் பத்து, 1986 முதல் 2000 வரை வந்தவை. சிந்துரக்‌ஷக் 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கியது; 18 பேர் இறந்தார்கள். சிந்துவீர் 2020-இல் மியான்மருக்குப் போனது. சிந்துத்வஜ் 2022-இல் ஓய்வு பெற்றது.

ஒவ்வொரு முறை ஆழத்துக்குப் போய்த் திரும்பும்போதும் அழுத்தம் தாங்கும் உடற்கூடு இறுகித் தளர்கிறது. எஃகு அந்த எண்ணிக்கையை மறப்பதில்லை. பேட்டரியை மாற்றலாம், சோனாரை மாற்றலாம். உடற்கூட்டை மாற்ற முடியாது.

*

2014 பிப்ரவரி 26. மும்பைக்கு அப்பால், அதே கிலோ வகையைச் சேர்ந்த சிந்துரத்னாவில் தீ. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். தொடர் விபத்துகளுக்குப் பொறுப்பேற்றுக் கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி அன்றே பதவி விலகினார். 2017-இல் அவரே அந்தமான் நிகோபாரின் துணைநிலை ஆளுநரானார். பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தார், அது பெரிய விஷயம். ஆனால், காலத்தில் எடுக்காத முடிவுகள் பல ஆட்சிகளுக்கும் பல மேசைகளுக்கும் சொந்தம். அவற்றுக்காக யாரும் பதவி விலகியதில்லை.

*

அதிகம் உறுத்துவது இதுதான். 1980-களில் ஜெர்மனியில் பயிற்சி பெற்று வந்தவர்கள் மும்பை மசகான் டாக்கில் ஷல்கி நீர்மூழ்கியை 1992-இலும் ஷங்குலை 1994-இலும் கட்டி முடித்தார்கள். ஜெர்மனியுடனான அந்த நீர்மூழ்கிப் பேரத்தில் ஊழல் என்று புகார் எழுந்ததால், அடுத்து வரவேண்டிய இரண்டும் நின்றுபோயின. மசகான் டாக்கில் கட்டிய அடுத்த நீர்மூழ்கி படையில் சேர 23 ஆண்டுகள். தடித்த எஃகுத் தகட்டை வளைத்து, எக்ஸ்ரேயில் குறை தெரியாதபடி பற்றவைக்கும் கைகள் அந்த இடைவெளியில் ஓய்வுபெற்றுப் போய்விட்டன. ஊழலை விசாரிக்கத்தான் வேண்டும். விசாரணைக்காகப் பட்டறையை மூடிய விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

*

அக்கம்பக்கம். வங்கதேசம் 2017-இல் இரண்டு சீன நீர்மூழ்கிகளைப் படையில் சேர்த்தது. மியான்மரும் 2021-இல் ஒரு சீன நீர்மூழ்கியைச் சேர்த்தது. தாய்லாந்தின் கதை பாடம்: 2017-இல் சீனாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். உள்ளே பொருத்த வேண்டியது ஜெர்மன் எஞ்சின். ஜெர்மனி தர மறுத்தது. வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. உடல் ஓரிடம், இதயம் வேறிடம் என்று வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நீர்மூழ்கி மேலே வராமல் கூடுதல் நாள் தாங்க உதவும் காற்றில்லா உந்துமுறையை நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கி வருவதன் அருமை இங்கேதான் புரிகிறது.

*

தமிழ்நாட்டின் பங்கு பலருக்குத் தெரியாது. நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அரக்கோணத்திலிருந்து பறக்கின்றன. மூழ்கியிருக்கும் படகுகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அலைவரிசை நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில். அந்தமானுக்கென்று 185 மீட்டர் நீள மிதவைத் துறையை எல் அண்டு டி கட்டியதும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில்தான். 2017 ஜூனில் கடலில் இறக்கினார்கள். 8,000 டன் கப்பலையே தூக்கும் அந்தத் துறைக்கு ஸ்கார்பீன் பாரமே இல்லை.

*

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். நீர்மூழ்கிக்குக் கையெழுத்திடுவது பனை வைப்பது. இடுகிற அமைச்சர் அதன் பலனைப் பதவியில் இருந்து பார்க்கப்போவதில்லை. அதனால்தான் ஒத்திப்போடுவது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

*

செய்ய வேண்டியது என்று எனக்குப் படுவது: ஆறு ஆறாக வாங்கி நடுவில் இருபது ஆண்டு உறங்குவதை விட்டுவிட வேண்டும். ஒரு வரிசையின் கடைசிப் படகு பட்டறையை விட்டு இறங்கும் முன்பே அடுத்த வரிசையின் முதல் தகட்டை வெட்ட வேண்டும். வேலை நிற்காவிட்டால் கை மறக்காது, விலையும் கட்டுக்குள் நிற்கும். அந்தமானின் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், நீர்மூழ்கிக்குரிய பட்டறையும் உதிரிப்பாகக் கிடங்கும் மாற்றுக் குழுவுக்கு இருப்பிடமும் வேண்டும். அப்படிச் செய்தால் பயணத்தில் கரையும் நாட்கள் காவலுக்குத் திரும்பும். புதிய படகுகள் வந்து சேரும்வரை, இருக்கும் சிலவற்றைக் கொண்டு அதிக நாள் காவல் காக்க வேறு வழியில்லை.