தோலும் பயணமும்

வேலூர் மாநகரின் ஒரு பகுதியாகப் பாலாற்றுக்கு அண்மையில் விளங்குவது சத்துவாச்சாரி. அதற்குக் கிழக்கே இராணிப்பேட்டையும் மேற்கே ஆம்பூரும் தோல் தொழிலாற் பெயர் பெற்ற ஊர்கள். இவ்வட்டாரத்து இளைஞர் பலர் கல்வியும் பொருளும் தேடி அயல்நாடு செல்கின்றனர். இங்குச் செய்த காலணிகளும் கடல் கடந்து செல்கின்றன. இவ்விரு பயணங்களும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே.

மனித உடலின் உறுப்புகளுள் மிகப் பெரியது தோல். பிறர்க்குத் தீங்கு செய்யாத பொருளையும் சிலருடைய தோல் பகையெனக் கொண்டு, சிவந்து, தடித்து, அரிக்கும். இதனை ஒவ்வாமை என்பர். வியன்னா நகர மருத்துவர் பிர்க்கே 1906-ஆம் ஆண்டில் இதற்கு 'அலர்ஜி' என்னும் பெயரை இட்டார். இது தொற்றுநோய் அன்று, நாணத்தக்கதும் அன்று.

இத்தகைய தோலுடையார்க்குப் பயணம் ஒரு சோதனையே. விமானத்தினுள் காற்று மிக வறண்டிருக்கும். குளிர்நாடுகளில் வெளியே பனியும், உள்ளே வெப்பமூட்டிய அறையும் தோலின் ஈரத்தைக் கவரும். வறண்ட தோலில் வெடிப்பு உண்டாகும். அதன் வழியே ஒவ்வாப் பொருள் எளிதிற் புகும்.

ஆதலின், புறப்படுமுன் தன் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். தொடுதலால் வரும் ஒவ்வாமையைக் கண்டறிய ஒட்டுச் சோதனை உண்டு. செருமானிய மருத்துவர் யாடசோன் 1895-இல் இதனை விளக்கிக் காட்டினார். ஐயத்திற்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பர். பின்னும் ஓரிரு நாளில் மீண்டும் ஆராய்வர். அறிந்த முடிவை மருத்துவர் எழுதித் தந்த தாளும், வழக்கமான மருந்தும் கைப்பையிலேயே இருத்தல் நன்று.

உணவிலும் விழிப்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேர்க்கடலை, எள், கடுகு உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் உணவிற் சேர்ந்திருப்பின் அறிவித்தல் சட்டம். தேங்காய் அப்பட்டியலில் இல்லை. ஆகவே, கூச்சமின்றி வினவி உண்ணுதலே காப்பு. உதடு வீங்கி, மூச்சுத் திணறுமாயின் கணமும் தாழ்க்காது மருத்துவ உதவி நாடவேண்டும்.

இனிக் காலணியின் பயணத்தைக் காண்போம். முன்னாளில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் தோலைப் பதனிட்டனர். பின்னர், விரைவில் முடியும் குரோமிய உப்பு முறை பரவியது. செய்முறையிற் குறை நேரின், அக்குரோமியத்தில் ஒரு சிறு பகுதி தீங்கு தரும் வேறு வடிவாக மாறும். அது வியர்வையிற் கரைந்து, அணிபவர் காலிற் படிந்து ஒவ்வாமையை விளைக்கும். ஒருமுறை வந்த அவ்வொவ்வாமை எளிதில் நீங்குவதில்லை. எனவே, உடலைத் தொடும் தோற்பொருளில் அது கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினால் விற்றலாகாது என்னும் ஐரோப்பியச் சட்டம் 2015 மே முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆம்பூரில் காலணி தைப்பவர், அதனை அணியப்போகும் அயல்நாட்டார் முகத்தைக் காண்பதில்லை. ஆயினும், அவர் காலின் நலம் இவர் தொழில் நேர்மையில் அடங்கியுள்ளது. அவ்வாறே, பதனிடுவார் கைக்கு உறையளித்துக் காப்பது தொழில் நடத்துவோர் கடன். தன் தோலை அறிந்து நடத்தல் அறிவு. பிறர் தோலையும் தன் தோல்போல் எண்ணித் தொழில் செய்தல் அறம்.