கண்ணாடி இல்லாத படம்

சென்ற ஆண்டு தை மாதத்தில் எங்கள் மகளை ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள ஒரு புகைப்பட நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய படம். படம் எடுப்பவர் சொல்வதற்கு முன்பே, கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்கள் நாங்கள்தாம். வகுப்பறையில் கயலும் குவளையும் வேலுமாகக் கண்ணைப் பாடிய கவிஞர்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவர்கள், வீட்டிலும் அந்தக் கண்ணையே தேடினோம் போலும். மைனஸ் ஏழு பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லையேல் எதிரே நிற்பவர் கலங்கிய உருவமே. படத்தில் அவள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தோம். உண்மையில் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்து அவளே லேசர் சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தாள். நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குச் சென்று வருபவள் அவள். உடன் பணிபுரிவோர் சிலர் செய்துகொண்டிருந்தனர். "எனக்கே வேணும்னு தோணுதுப்பா" என்றாள். அந்த விருப்பத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

கண் என்றால் ஓசூர்க்காரர்களில் பலருக்குப் பெங்களூருதான். அங்கே ஒரு மருத்துவமனையின் ஆலோசகர், வகைகளை விலைப்படி அடுக்கிய அட்டையை எங்கள் முன் வைத்தார். கார்னியாவின் மேற்தோலை நீக்கிவிட்டு லேசர் செலுத்துவது பி.ஆர்.கே.; ஆற நாளாகும். மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடுவது லேசிக். மடலே இன்றிச் சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை உருவியெடுப்பது ஸ்மைல். இவற்றுக்கெல்லாம் மேலே, கொட்டை எழுத்தில், 'கஸ்டம்' லேசிக். கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் அலையின் கோணல்களை அளந்து, அந்த வரைபடத்தின்படி செதுக்குவது. கண்ணாடியால் திருத்த இயலாத நுண்பிழைகளையும் இது குறைக்கக்கூடும் என்றார். பட்டுப்புடவை எடுக்கப் போனவர்கள் போல நாங்கள் விலை மிகுந்ததைச் சுட்டினோம்.

இக்கலையின் தொடக்கத்தில் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மீந்த வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, அதன் மீது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் லேசரைச் செலுத்தினார். சுற்றியுள்ள திசு கருகவில்லை. பட்ட இடம் மட்டும் துல்லியமாக அகன்றது. அவரும் உடன் ஆய்ந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் கண்ட இவ்வுண்மையை, 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் கார்னியாவுக்குக் கொண்டு சென்றார். செதுக்கியது மீண்டும் வளராது என்பதே இதன் பயனும் அச்சமும்.

காண்டாக்ட் லென்ஸ் அணிந்து சென்றதால் முதல் நாள் அளக்கவில்லை. லென்ஸ் கார்னியாவின் வடிவை மாற்றிவிடுமாம். இரண்டு வாரம் கழித்து அளந்தார்கள். மருத்துவர் ஒரு தாளில் கணக்கெழுதிக் காட்டினார். பொதுவாகக் கார்னியாவின் நடுப்பகுதி ஏறக்குறைய 540 மைக்ரான் தடிமன் இருக்கும், மகளுக்கு 478. மடலுக்கு 110. ஆறு மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 மைக்ரான் வீதம், ஏழுக்கு 84. கஸ்டம் முறையானால் இன்னும் சில மைக்ரான் கூடும். 40 விழுக்காட்டுக்கு மேல் கைவைத்ததாகிவிடும்; அந்த எல்லைக்கு அப்பால் கார்னியா தளர்ந்து முன்பிதுங்கும் வாய்ப்பு மிகும். வரைபடத்தின் கீழ்ப்பகுதியிலும் சற்றே செங்குத்தான வளைவு தெரிந்தது. கூம்புவிழி நோயின் தொடக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது.

"அப்ப எந்த வகை செய்யலாம் டாக்டர்?" என்று கேட்டோம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டோம்.

"இந்தக் கண்ணுக்கு லேசரே வேண்டாம்" என்றார்.

அவரவர் கண்ணுக்கேற்ப என்று அட்டையில் அச்சிட்டிருந்த சொல்லின் முழுப்பொருள் அப்போதுதான் விளங்கியது. தேர்வு செய்ய வந்தவர்கள் நாங்கள் என்று எண்ணியிருந்தோம். தேர்வை அந்தக் கண்ணே முன்பே செய்து வைத்திருந்தது. அளப்பதற்கு நேர்மையான ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

மடிவாளாவில் பேருந்து ஏறினோம். சொட்டு மருந்தின் கூச்சத்தால் மகள் வழி நெடுகத் துப்பட்டாவால் முகத்தை மறைத்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நாங்கள் பேசவில்லை. அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றபோது துணியை விலக்கிக் கேட்டாள்: "கண்ணாடி போட்டே ஒரு படம் எடுத்துடலாமாப்பா? வர்றவங்க தெரிஞ்சே வரட்டும்."

அதே நிலையத்தில் எடுத்தோம். மூன்று வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறோம். இரண்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. மூன்றாவது வீட்டார் தொலைபேசியில் பவர் எவ்வளவு என்று கேட்டார்கள்.

மைனஸ் ஏழு என்று சொன்னோம்.