75 கிலோமீட்டரில் ஒரு நடுக்கம்

வாப்பா நமக்கு விட்டுச்சென்றவற்றுள் ஒன்று 1986ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 கார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி உருவான அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனினும் உம்மாவுக்கு வேறு வண்டி மனத்துக்கு ஒப்பவில்லை. மதுரைக்குக் கண் சிகிச்சைக்குச் செல்வதானாலும் வாப்பாவின் காரில்தான் செல்ல வேண்டும் என்பார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் இரண்டு வேலைகளைச் செய்தோம். டயர் கடையில் பின்சக்கரங்களுக்குப் புது டயர் மாற்றினோம். மறுநாள், துருவைத் தடுக்கும் தார்ப்பூச்சை வாங்கிவந்து, வண்டியின் அடியில் படுத்து நாமே பூசினோம்.

அடுத்த வாரம் உம்மாவுடன் மேலப்பாளையத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். கங்கைகொண்டானைக் கடந்து வேகம் 75 கிலோமீட்டரைத் தொட்டதும் வண்டி நடுங்கியது. 60க்குக் குறைத்ததும் அடங்கியது. உம்மா கதவைப் பற்றிக்கொண்டு, "ஒங்க வாப்பா ஓட்டுறப்ப இப்படி நடுங்குனதில்லையே" என்றார்கள். அச்சொல் நம்மைச் சுட்டது.

ஊர் திரும்பியதும் நேரே டயர் கடைக்குச் சென்றோம். "பழைய டயரைப் புதுசுன்னு தலையில கட்டிட்டீங்களே தம்பி" என்று நால்வர் முன்னிலையில் கடிந்தோம். அவர் மறுபேச்சின்றிச் சக்கரங்களைக் கழற்றி மீண்டும் பேலன்சிங் செய்துகொடுத்தார், காசு வாங்கவில்லை. நடுக்கமோ போகவில்லை. நமது ஐயம் மேலும் வலுத்தது.

வாப்பா காலத்து மெக்கானிக் அண்ணாச்சியிடம் முறையிட்டோம். அவர் எதையும் கழற்றவில்லை. நம்மை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். ஸ்டியரிங் ஆடவில்லை, இருக்கைதான் அதிர்ந்தது; ஆகவே குறை முன்சக்கரத்தில் இல்லை. அதே வேகத்தில் நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றச் சொன்னார்; அதிர்வு மாறவில்லை. நியூட்ரலில் ஓடவிட்டபோதும் அது நீடித்தது. ஆகவே எஞ்சினும் குற்றவாளியன்று.

"சக்கரம்னா தொப்புத் தொப்புன்னு அடிக்கும் பாய். இது வண்டு மாதிரி இரையுது" என்றார்.

அதன் பொருள் பின்னரே விளங்கியது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழலும். எஞ்சினின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட புரொபெல்லர் ஷாஃப்டோ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலாகச் சுழலும். அவ்வளவு விரைவில் சுழலும் குழலில் சிறு எடை ஒருபுறம் மிகுந்தாலும் வண்டி முழுவதும் அதிரும்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஷாஃப்டின் கிராஸ்களை அசைத்துப் பார்த்தார், தேய்மானம் இல்லை. பிறகு குழல் நெடுக உள்ளங்கையால் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் கட்டி, கல்லாய் இறுகியிருந்தது. நாம் பூசிய தார்ப்பூச்சு! அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயால் துடைத்தார். மீண்டும் சாலைக்குச் சென்றோம். 80இலும் வண்டி அமைதியாக ஓடியது.

நமது மனம் அமைதியடையவில்லை. வீண் சந்தேகம் பாவம் என்று மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், நம் கைப்பிழையை ஒரு தொழிலாளியின் நாணயத்தின்மீது சுமத்தியிருந்தோம். அண்ணாச்சி குறையைச் சொல்லுமுன் ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாமோ சோதிக்குமுன் தீர்ப்பளித்தோம்.

அன்று மாலையே டயர் கடைக்குச் சென்று பொருத்தம் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல பாய். ஆனா அன்னைக்குக் கடையில நாலு பேரு இருந்தாங்க" என்றார்.

உண்மைதான். மறுநாள் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்து மீண்டும் சென்றோம். தவறு நம்முடையதே என்று எல்லோரும் கேட்கச் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

அடுத்த மாதம் மதுரைக்குச் சென்றபோது, அல்ஹம்துலில்லாஹ், கங்கைகொண்டானைக் கடப்பதற்குள் உம்மா உறங்கிவிட்டார்கள்.