பையை விடுங்கள்!

விமானம் புறப்படுமுன் பணிப்பெண் வாசல்களைக் கைகாட்டுவாரே, அதை நீங்கள் பார்ப்பதுண்டா? முன்பெல்லாம் நான் பார்த்ததில்லை.

2024 ஜனவரி 2-இல் தோக்கியோ ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் ஐவர் மாண்டனர். பெரியதில் 379 பேர். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது, சிப்பந்திகள் தொண்டை கிழியக் கத்தி, பையை எடுக்கவிடாமல், எட்டு வாசல்களில் தீ அண்டாத மூன்றை மட்டும் திறந்து இறக்கினார்கள். 18 நிமிடங்களில் அனைவரும் வெளியே!

எங்கள் தோட்ட லயம் எரிந்தபோது அம்மா தகரப்பெட்டிக்காக உள்ளே ஓடினார். மரம் வெட்டும் கத்தியை அந்த வலது கை பிறகு பிடிக்கவேயில்லை. பெட்டியில் இருந்தவை எங்கள் பிறப்புப் பத்திரங்கள். குறை சொல்ல எனக்கு வாய் வருமா?

சென்ற மாதம் மகனைப் பார்க்க விமானம் ஏறினேன். கடப்பிதழை மட்டும் பையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.