சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கரும்பு விளையும் ஊர் ஒன்றில் டாக்டராக இருந்த காலத்தில் நான் அதிகம் சொன்ன பொய் இது. எதிரே எழுபது தாண்டிய வெள்ளைக்கார விவசாயி. நெற்றி, காது மடல், புறங்கை எங்கும் சொரசொரவென்று செதில். ஆயுசு முழுக்க வெயிலில் நின்றதில் வந்த சோலார் கெரட்டோசிஸ். சில புற்றாக மாறிவிடும் என்பதால், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைப் பீய்ச்சி உறையவைப்போம்.

பீய்ச்சும்போது எரியும். நிஜமான வலி, உறைந்த தோல் இளகும்போதுதான். நெற்றி என்றால் மண்டையைப் பிளக்கும். காதும் உதடும் இன்னும் மோசம். அதற்காக நேரத்தைக் குறைக்கவும் முடியாது. ஐந்து வினாடிக்குள் நிறுத்திய இடங்களில் 39 சதவீதமே குணமாயின, இருபது வினாடி தாண்டியவற்றில் 83 என்கிறது 2004இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. நடுநடுவே நிறுத்தி, அவரை மூச்சுவிட வைத்துத் தொடரலாம். நான் நிறுத்தியதில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நாற்காலியின் பிடியை இறுக்கிய விரல்கள் வெளுத்ததைப் பார்த்தேன். கண்ணோரம் நீர் கட்டினால், குளிர்ந்த ஆவி பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “மாட்டுக்குச் சூடு போடுறீங்களா, டாக்?” என்று சிரிப்பார்கள், நானும் சிரித்துவிட்டு அடுத்த செதிலுக்குப் போவேன். வலிக்கிறதா என்று கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வெளியே கூட்டம்.

இன்னொன்றும் உண்டு. பத்து அல்லது அதற்கு மேல் உறையவைத்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அதற்கென்று தனிக் கட்டணம். ஒன்பதோடு நின்ற முகத்தில் பத்தாவதைத் தேடியிருக்கிறேன். தேடினால் சந்தேகத்துக்கு இடமாக ஏதாவது ஒன்று அகப்படும். நம் நிறத்துத் தோலில் இந்த நோய் அபூர்வம். அந்த நாற்காலியில் நான் உட்காரப்போவதில்லை என்ற தைரியம்தான்.

ஒருவருக்கு மறுநாள் பொட்டில் கொப்புளம் எழும்பி, கண்ணும் வீங்கிவிட்டது. ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்று போனில் சொன்னது அவர் மனைவி. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செதில் பரவலாக இருப்பவர்களுக்கு ஃபுளோரோயூராசில் களிம்பு உண்டு. முகம் சில வாரம் சிவந்து பொருக்குத் தட்டும், ஆனாலும் வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம். அதை விளக்க நேரமாகும் என்பதால் பலரிடம் வாயே திறக்கவில்லை.

இந்த உறையவைக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: வலித்தால் கையைத் தூக்குங்கள். நிறுத்தச் சொன்னால் டாக்டர் நிறுத்தியே ஆகவேண்டும்.