சுற்றுப்பாதையே சாட்சி

சட்டம் போட்ட ஒரு சான்றிதழை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார் அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விபத்தில் இறந்த மகளின் பெயரை ஒரு சிறுகோளுக்குச் சூட்டித் தருவதாக விளம்பரம் செய்த நிறுவனத்திடம் 18,500 ரூபாய் கட்டியிருந்தார். பிறகு விசாரித்தால், அந்தப் பெயரில் ஒரு சிறுகோளே எந்தப் பட்டியலிலும் இல்லை.

"பணம் போனா போகுது வக்கீல் சார். எம் பொண்ணு பேரை வெச்சு ஏமாத்திட்டாங்களே..."

சான்றிதழில் சிறுகோளின் எண் இல்லை. சுற்றுப்பாதை விவரம் மட்டும் அழகான எழுத்தில் இருந்தது: சூரியனிலிருந்து சராசரித் தொலைவு 3.48 வானியல் அலகு, ஒரு சுற்றுக்கு 6.5 ஆண்டு, சாய்வு சுமார் 10.9 பாகை, இரண்டு துணைக்கோள்கள். மனிதனுக்குக் கைரேகை போல, சிறுகோளுக்குச் சுற்றுப்பாதை. அதை வைத்துத் தேடினேன், அகப்பட்டது. சிறுகோள் பட்டையின் வெளிப்பகுதியில் சுற்றும் 87ஆம் எண் சிறுகோள், சில்வியா. 1866 மே 16 அன்று அதைக் கண்டுபிடித்தவர் நார்மன் போக்சன். கண்டுபிடித்த இடம் நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக்கூடம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பெயர் பெற்றதை, பெயரில்லாததுபோல் விற்றிருக்கிறார்கள்!

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பு வழக்கறிஞர், "இது நினைவுப் பரிசு மட்டுமே. எங்கள் சொந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது" என்று வாதிட்டார்.

நான் அவர்களுடைய விளம்பரத்தையே எடுத்து வாசித்தேன். 'உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட பெயர்' என்றது அது. உண்மை நடைமுறையையும் எடுத்துரைத்தேன். பலமுறை கவனித்துச் சுற்றுப்பாதை உறுதியான பிறகே சிறுகோளுக்கு நிரந்தர எண் தருவார்கள். அதன்பின் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஒப்புதல் தருவது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு. இதில் எங்குமே விலை கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(28) பிரிவு சொல்லும் தவறான விளம்பரமும், 2(47) பிரிவு சொல்லும் முறையற்ற வணிக நடவடிக்கையும் இதுதான் என்று வாதத்தை முடித்தேன்.

கட்டிய தொகையை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும், விளம்பரத்தை நிறுத்தவும் ஆணையம் உத்தரவிட்டது.

அந்தப் பணத்தில் தலைமையாசிரியர் தம் பழைய பள்ளிக்குத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதன் பீடத்தில் மகளின் பெயர் இருக்கிறது.

பிரிந்தவர் பெயரை வானத்தில் எழுதித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால், ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் கொடுங்கள்.